கெண்டைக்காலுக்குப் போன பீட்ரூட்

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகை சென்னிமலை முருகனுக்குத்தான். அதையும் பெண்ணைப் பெற்றவன் படியேறிப் போய் வைக்க வேண்டும். மலைக்கு மேலேயே வண்டி போகிறது, அது வேறு விஷயம். வண்டியில் போய்ப் பத்திரிகை வைத்தவன் என்று பங்காளிகள் பேச ஆரம்பித்தால் என் பேரன் கல்யாணம் வரைக்கும் பேசுவார்கள்.

எனக்கோ கணபதி பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து என் லேத் பட்டறைக்கு நடக்கவே முடியவில்லை. பாதி வழியில் இடது கெண்டைக்காலைப் பட்டறையின் வைஸ் இடுக்கியில் வைத்து முறுக்கியதுபோல வலிக்கும். நின்றால் போய்விடும், நடந்தால் வந்துவிடும். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பரிசோதித்துவிட்டு, காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது, நடக்கும்போது சதைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றார். சிகரெட்டை அன்றே விடச் சொன்னார். மாத்திரை எழுதினார். வலிக்கும்வரை நடங்கள், நில்லுங்கள், மறுபடி நடங்கள் என்றார். என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் என்னைத் தின்றது. வீட்டில் எல்லோரும் என் காலையே பார்த்தார்கள்.

பட்டறைக்காரன் புத்தி சும்மா கிடக்குமா? குழாய் சுருங்கினால் விரிக்க வழி இருந்தாக வேண்டுமே என்று செல்போனைத் தோண்ட ஆரம்பித்தேன். நைட்ரிக் ஆக்ஸைடு என்று ஒரு வாயு, நம் உடம்பே உண்டாக்குகிறதாம், ரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்தி அகலமாக்குகிறதாம். அதற்கான மூலப்பொருளான நைட்ரேட் பீட்ரூட்டில் நிறைய இருக்கிறதாம். டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று சிரித்தார்.

தினமும் காலையில் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ் இறங்கியது. குடித்தால் வாயெல்லாம் சிவப்பு. சம்பந்தி வீட்டார் வந்து போகிற நேரம், ஓயாமல் வெற்றிலை போடுகிறவர் என்று நினைத்துக்கொண்டால் என்ன ஆவது என்று என் மனைவிக்குக் கவலை. கிருமியை அடியோடு கொல்லும் என்று எழுதிய மவுத்வாஷ் பாட்டில் ஒன்றை வாங்கி வைத்தாள். நானும் ஜூஸைக் குடித்த கையோடு கொப்பளித்து, நாக்கை வழித்து, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பேன். வலியோ இம்மிகூடக் குறையவில்லை.

அடுத்த முறை போனபோது, இந்த பீட்ரூட் உடம்பில் எந்த இடத்தில் வாயுவாக மாறுகிறது என்று டாக்டரம்மாவைக் குடைந்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நைட்ரேட் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, எச்சில் வழியாகத் திரும்ப வாய்க்கே வருகிறதாம். நாக்கின் மேல் குடியிருக்கும் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கினால் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எந்தச் சதையில் ஆக்சிஜன் குறைகிறதோ அங்கேதான் அது நன்றாக நைட்ரிக் ஆக்ஸைடாக மாறிக் குழாயை விரிக்கிறது. எனக்கு மெய்சிலிர்த்துப் போனது. இல்லாதவன் வீட்டைத் தேடிப்போய்க் கொடுக்கிற சமாச்சாரம் அல்லவா இது!

"அந்தக் கிருமிங்க இல்லீன்னா நீங்க குடிக்கறது வெறும் ஜூஸ்தானுங்க" என்றார்.

அட கடவுளே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மவுத்வாஷ் பாட்டில் கழிவறைக்குப் போனது, தரை கழுவ.

மலையேறும் நாள் வந்தது. பத்திரிகையைச் சாமி காலடியில் வைக்கும்வரை நானும் என் மனைவியும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஜூஸையோ ஏறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குடித்தால்தான் பலன். அன்று ஜூஸ் கிடையாது என்று முந்தின ராத்திரியே முடிவு கட்டிக்கொண்டேன். விரதத்தில் அவள் ஒரு பொட்டுகூட விட்டுக்கொடுக்காதவள். விடியும் முன் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. டம்ளரோடு வந்து நின்றாள்.

"சாமிகிட்ட நான் பேசிக்கறனுங்க. நீங்க குடிங்க."

படியேறும்போது வலி வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, ஆனால் நான் எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் தள்ளி வந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கூடவே ஏறிய மகள் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லைங்கப்பா என்றாள். பீட்ரூட்டா, இத்தனை நாள் நடந்த நடையா, சிகரெட்டை விட்டதா, மாத்திரையா? காலைப் பிரித்துப் பார்க்க முடிந்தால் பார்த்திருப்பேன். எதுவோ ஒன்று என்னை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது.

பத்திரிகையை வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தோம். என் மனைவி, கோயில் வாசல் என்றும் பாராமல், என் காலை மடியில் எடுத்து வைத்துக் கெண்டைச் சதையை அமுக்கினாள்.

"ஏனுங்க, இன்னும் வலிக்குதுங்களா?"

"வலிக்குது அம்மணி" என்றேன். "கால் இருக்குதுல்ல, வலிக்கட்டும்."

அவள் அழுதுவிட்டாள். நானுந்தான்.