சூடானால் நின்றுவிடும் கார்

வண்டி நிற்பது எப்போதும் மதியம் மூன்றரைக்கு மேல்தான். கூடுவாஞ்சேரியில் பள்ளி விட்டு நான் செம்பாக்கம் திரும்பும்போது, வண்டலூர் தாண்டுவதற்குள் எஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். பின்னால் பஸ், பக்கத்தில் லாரி. இறங்கவும் முடியாது, உள்ளே உட்காரவும் முடியாது. ஏசி போய்ப் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் எல்லோரிடமும் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்கு மட்டும் ஓட்டுவார். போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். அவரிடம் ஒருநாளும் நின்றதில்லை.

"நீ கிளட்ச்சை மிதிக்கிற மிதியில எந்த வண்டி தாங்கும்?" என்பார்.

வண்டலூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோவதற்குள் எஞ்சின் ஆறியிருக்கும். ஸ்கேனரிலும் ஒன்றும் சிக்கவில்லை. "வண்டி நல்லாத்தான் கீது மேடம். அடுத்த தபா சாரை இட்டுகினு வாங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் நானே என் இடது காலைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன்.

வீட்டுக்காரர் காரை விற்க ஆள் பார்த்துவிட்டார். அது போனால் எனக்கு மறுபடி ஷேர் ஆட்டோ, நெரிசலில் ரயில். அதுகூடப் பரவாயில்லை. யாரையும் கேட்காமல் நான் ஓர் இடத்துக்குப் போய்வர அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது. பயமாக இருந்தது.

அடுத்த முறை மாட்டிக்கொண்டபோது, வேறு வேலையில்லாமல் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, ஆர்.பி.எம். முள் துளிகூட அசையவில்லை. காலையில் சாவியைத் திருப்பும்போது அது துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். வீடியோ எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பானெட்டைத் தொறக்காதீங்க மேடம், ஆறிடப் போவுது. பைக்ல வந்துகினே கீறேன்."

வந்தவர் எஞ்சினுக்குள் கையை விட்டு, ஒரு சின்ன கறுப்புத் துண்டின்மேல் பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். அடுத்த திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

"கிராங்க் சென்சார் மேடம். எஞ்சின் சுத்துதுன்னு வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்றதே இதான். சூடானா வாயை மூடிக்குது, அதான் முள்ளு ஆடல. பெட்ரோலும் வராது, ஸ்பார்க்கும் வராது."

"கிளட்ச்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அழுகை வந்துவிட்டது. வெயிலால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

புது சென்சார் போட்ட பிறகு ஒரு வாரம் எங்குமே நிற்காமல் வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, நடந்ததையெல்லாம் வீட்டுக்காரரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். அப்புறம் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாங்க வரவிருந்த ஆளுக்குப் போன் செய்தார்.

"இப்ப ஒரு ரிப்பேரும் இல்ல சார், தைரியமா வந்து பாருங்க. லேடி ஓட்டின வண்டி. பூ மாதிரி வச்சிருக்காங்க."