தடைக்காலம் முடிந்த சனிக்கிழமை

எங்கள் தெருமுனையில் சனிக்கிழமை காலையில் ஒரு படகு சாலையைக் கடக்கும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்னத் துறைமுக ஊர் இது. கொட்டகையிலிருந்து நீண்ட மரப்படகைத் தள்ளுவண்டியில் ஏற்றி நாலைந்து பெண்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும். இரண்டு பக்கமும் கார்கள் நின்றுவிடும். ஹாரன் கிடையாது, திட்டு கிடையாது. யாராவது ஒருவர் கண்ணாடியை இறக்கி, தண்ணீர் இன்றைக்கு எப்படி என்று விசாரிப்பார். சென்னையின் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மீன்கூடையோடு புகுந்து போன அம்மாவின் பின்னால் ஓடி வளர்ந்தவள் நான். கார்கள் நிற்பதைக்கூட நம்பிவிட்டேன். அந்தப் பெண்கள் படகைத் தண்ணீரில் இறக்கி, ஒருவர் பின் ஒருவராக அதில் ஏறி உட்கார்ந்ததைத்தான் நம்ப முடியவில்லை.

மற்ற வீடுகளில் எப்படியோ, ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் படகில் கால் வைக்க மாட்டார்கள். வெளிப்பக்கத்தைத் தொடலாம், பெயின்ட் அடிக்கும்போது டப்பாவைப் பிடிக்கலாம், திருவிழாவுக்கு மாலை கட்டித் தரலாம். உள்ளே கால் பட்டால் தொழில் படுத்துவிடும், கடலுக்குப் போனவருக்கு ஆகாது என்பார்கள். நான் நாலாவது படிக்கும்போது, காசிமேட்டில் கட்டிப்போட்டிருந்த அப்பாவின் படகுக்குள் தம்பி எறிந்த பந்தை எடுக்கக் குதித்துவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் வாங்கி வந்து தெளித்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த முறை கடலடியில் எதிலோ மாட்டி வலை கிழிந்துதான் திரும்பினார்கள். தெருவே என் காலைப் பார்த்தது. அம்மா மட்டும் வாசலில் நின்று அப்பாவைக் கேட்டாள். “வல கிழிஞ்சா அது இவ காலு. மீனு ரொம்பி வந்தா மட்டும் உன் சாமர்த்தியமா?”

வழக்கம் மாறவில்லை. இதைப் படித்துவிட்டு ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்ட வேண்டாம். ஏலத்தில் அம்மா குரல் கொடுத்தால் பெரிய பெரிய வியாபாரிகள் ஒதுங்கி நிற்பார்கள். வீட்டில் அவள் பேச்சை மீற அப்பாவுக்கே தைரியம் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் கடைசிவரை படகில் ஏறாமலே போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் போய்விட்டார். இப்போது தம்பி சேவியர்தான் விசைப்படகு ஓட்டுகிறான்.

இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் பார்க்கிறேன். அடுத்த வீட்டு மோராக், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, அந்தப் படகு கிளப்பின் தூண். ஒரு நாள் நான் இரண்டு கையிலும் அரிசி மூட்டையோடு படியேறுவதைப் பார்த்துவிட்டு, இந்தத் தோளை வைத்துக்கொண்டு நீ ஏன் துடுப்பு போட வரவில்லை என்று கேட்டாள். புதியவர்களுக்கான பயிற்சி ஏப்ரலில் தொடங்கி மே கடைசியில் படகில் ஏற்றிவிடுவார்களாம். எனக்குள் உடனே ஒரு கணக்கு ஓடியது. ஊரில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. சேவியரின் படகு கரையில் கிடக்கும், அவனும் வீட்டில் கிடப்பான். கடலில் எங்கள் ஆளே இல்லாதபோது என் கால் யாரை என்ன செய்துவிடும்? சரி என்று சொல்லிவிட்டேன். இந்தக் கணக்கை மோராக்கிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

கொட்டகைக்குப் போன முதல் நாளே வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, படகின் பக்கவாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கை தானாகப் போனது. நான் ஈரம் பார்ப்பதாக நினைத்து மோராக், பெயின்ட் காய்ந்து வாரமாகிறது, ஒட்டாது என்றாள். பிறகு துடுப்பு இழுக்கும் இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே கடல் கடப்பது மாதிரி ஒரு சாதனம். கால் தள்ள வேண்டும், முதுகு சாய வேண்டும், கடைசியில்தான் கை. நான் எடுத்த எடுப்பில் கையால் இழுத்தேன், அப்படியும் திரையில் வந்த எண்ணைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் வாய் பிளந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? தொளதொள சட்டை துடுப்புப் பிடியில் மாட்டும் என்றார்கள், ஒட்டினாற்போல வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்தது.

மிதக்கத் தெரியாமல் படகில் ஏற முடியாது. போட்ட துணியோடு நீச்சல் குளத்தில் குதித்து மிதந்து காட்ட வேண்டும். மீனவர் மகளுக்கு நீச்சல் தெரியாதா என்று, குளத்தில் பயிற்சி தந்த பெண் வியந்தாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் கடல் முழங்கால் வரைதான் என்றேன். உங்கள் கடல் அவ்வளவு ஆழமில்லாததா என்று கேட்டாள். அவளுக்கு வங்கக்கடலைப் பற்றி விளக்குவதற்குள் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக் குடும்பம். குளத்தின் விளிம்பில் துண்டைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கினார். இரண்டு முறை முழுகினேன். மூன்றாவது முறை மிதந்தேன்.

எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. மே கடைசியில் கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. முதல் ஓட்டத்தைத் தள்ளிப் போட்டார்கள். மறு வாரமும் காற்று, மறுபடியும் தள்ளினார்கள். கடைசியில் குறித்த சனிக்கிழமையை நாட்காட்டியில் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். அதற்கு முந்தின இரவோடு ஊரில் தடைக்காலம் முடிகிறது. சேவியர் கடலில் இருக்கும் முதல் நாளில், நான் முதன்முதலாகப் படகில் கால் வைக்க வேண்டும்.

மோராக்கிடம் இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். முதல் தடவை எல்லோருக்கும் பயமாகத்தான் இருக்கும், தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று என் தோளைத் தட்டினாள். தண்ணீருக்குப் பயமில்லை, என் தம்பி அன்றைக்குத்தான் கடலுக்குப் போகிறான் என்றேன். அட, அவனும் துடுப்பு போடுகிறானா என்று மகிழ்ந்துபோனாள். இதற்கு மேல் என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து நன்றாகக் கோபப்பட்டேன். மோராக் மேல் இல்லை, என் மேல்தான். இத்தனை நாடு தாண்டி வந்து, இயந்திரத்தில் நாலு பேரை வாய் பிளக்க வைத்து, நாலாம் வகுப்பில் கிழிந்த வலைக்கு இன்னும் நடுங்குகிறேனா? ஆமாம், நடுங்கினேன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், என் கால்தான் காரணம் என்று மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, இல்லத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்து சேவியருக்குப் போன் போட்டேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம். டீசல் இன்ஜின் சத்தமும் ஆட்கள் சத்தமுமாக இருந்தது.

“யக்கா, ஐஸு ஏத்திகினு கீறோம். இன்னா, சீக்கிரம் சொல்லு.”

“நாளிக்கு நா படகுல கால் வைக்கிறேன்டா.”

நான் உடற்பயிற்சி செய்வதாகத்தான் அதுவரை நினைத்திருக்கிறான். இன்ஜின் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தான். பிறகு மெதுவாக, “நாளிக்கேவாக்கா?” என்றான். “நாங்க கரைக்கு வந்தப்பறம் ஏறேன். ஒரு வாரந்தானே.”

அவனும் நம்புகிறான். அது தெரிந்ததும் எனக்கு அழுகை வர வேண்டியது, வீம்பு வந்தது. அம்மாவின் குரல் என் தொண்டையிலிருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

“வருசம் பூரா நீ கரைல கீறியான்னு கேட்டுகினு நா ஏறி எறங்கணுமா? படகுல லைஃப் ஜாக்கெட் கீதா?”

“கீது. கேபின்ல மூட்ட கட்டி கீது.”

“எவனாவது போடுறானா?”

“போட்டுகினு வேல செய்ய முடியாதுக்கா. பசங்க சிரிப்பானுங்கோ.”

“சிரிக்கட்டும். உன் உசுர என் கால்ல கட்டாத சேவியர். நீ ஜாக்கெட்ட போட்டுகினு போ, நா படகுல ஏறுறேன்.”

அவன் சரி என்று சொல்லவில்லை. ஐஸ் கரைகிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

சனிக்கிழமை விடிந்து எழுந்தபோது போனில் ஒரு படம் வந்திருந்தது. சிக்னல் போவதற்கு முன்னால் அனுப்பியிருக்கிறான். சுக்கானைப் பிடித்துக்கொண்டு, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு சேவியர். நெஞ்சை இறுக்கி ஆரஞ்சு நிற ஜாக்கெட். பின்னால் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தான்: ‘ஏறு.’ சமையலறையில் நின்று அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்காரரோடு துறைக்குப் போனேன்.

எனக்கும் ஒரு ஜாக்கெட் தந்தார்கள். வாரை இழுத்துக் கட்டிவிட்ட மோராக், நடுக்கம் போய்விட்டதா என்று கேட்டாள். என் தம்பியும் போட்டுக்கொண்டு போயிருக்கிறான் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நல்லது என்றாள். வலது காலை வைத்தேன். படகு ஆடியது. இடது காலையும் வைத்து உட்கார்ந்தேன். மோராக் பின்முனையில் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்து எண்ண ஆரம்பித்ததும், நாலு பேரும் இழுத்தோம்.

துடுப்பு போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் எனக்குக் கரை மட்டும்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் என் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே தனியாக நின்றார். கடலுக்குப் போகிறவரை எப்படி அனுப்புவது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது திரும்பி நடப்பது, பாவம், அவருக்கு எதுவும் தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் கத்திச் சொல்லும் தூரத்தை நாங்கள் தாண்டிவிட்டோம். அவர் கையசைத்தார். என் இரண்டு கையும் துடுப்பில் இருந்தன. சேவியர் கரைக்கு வந்து போன் செய்ய இன்னும் ஒரு வாரம் ஆகும். அதுவரை கரையில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நானும் காத்து நிற்பேன் என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன்.