ஊற்றைச் சுற்றிப் போட்ட வட்டம்

1. காம்பஸ் வேலை

எழுபதுகளின் கடைசி. நிலத்தடி நீர் ஆய்வில் ஃபீல்டு அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்த புதிது. ஒடுகத்தூர் வரை பஸ்ஸில் வந்து, சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறி, அப்பாடா என்று உட்காருவதற்குள் ஓர் அம்மா எதிரே வந்து நின்றார்.

"நீங்கதான் அளக்க வந்தவரா? என் நெலத்துல எத்தினி அடி புடுங்கப் போறீங்க?"

அவர்தான் பொன்னம்மா. நான் வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் குற்றவாளி ஆகிவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்த ஊருக்குக் குடிக்க ஒரே ஊற்று. முந்தைய மழையில் அது கலங்கி, பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. ஊற்றைக் காப்பாற்றப் பஞ்சாயத்து யூனியனில் ஒரு விதி எழுதினார்கள். மேப்பில் ஊற்றின் மேல் காம்பஸ் முள்ளைக் குத்தி ஒரு வட்டம். அதற்குள் இனி யாரும் உழக்கூடாது. நோக்கம் நல்லதுதான். ஆனால் தண்ணீர் காம்பஸ் பார்த்தா ஓடுகிறது? பொன்னம்மாவின் சாமை நிலம் முழுக்க அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. அதைவிட்டால் அவருக்கு வேறு நிலம் கிடையாது. அவர் மனு மேல் மனுவாகப் போட, யூனியன் அதிகாரியான பி.டி.ஓ., "விஞ்ஞானப்படி பார்த்துச் சொல்லுங்கள், விதியைத் திருத்த வேண்டுமென்றால் திருத்தலாம்" என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

2. சாயம்

எங்கள் ஜியாலஜிஸ்ட் சீனிவாசன் சார் நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"பாருங்க சார், சரிவே ஊத்துக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்குது. மழத்தண்ணி அங்கதான் போவுது" என்றார் பொன்னம்மா.

"மேல அப்படித்தாம்மா தெரியும். உள்ள பாறை எப்படிச் சாஞ்சிருக்கோ, ஊறுற தண்ணி அப்படித்தான் போகும். ட்ரேசர் போட்டுப் பாத்துடலாம்."

ட்ரேசர் என்றால் ஃப்ளோரசின் சாயப்பொடி. டப்பாவில் செம்மஞ்சளாக இருக்கும். தண்ணீரில் கரைத்தால் பளீரென்று பச்சை. நாங்கள் போடும் அளவில் குடிப்பவருக்குக் கெடுதல் இல்லை.

"அந்தச் சாயம் ஊத்துல வந்துட்டா?" என்று கேட்டார் பொன்னம்மா.

"வந்துட்டா, உங்க நெலத்துத் தண்ணி ஊத்துக்குப் போகுதுன்னு அர்த்தம்."

"அப்ப வோணாம் சார். இப்பன்னா மனு குடுத்துச் சண்ட போட்டுனு இருப்பேன். இது வந்துடுச்சின்னா ஒரேடியா முடிஞ்சிதே!"

சார் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வந்துடுச்சின்னா, அந்தத் தண்ணியத்தாம்மா உங்க புள்ளைங்களும் குடிக்குது."

பொன்னம்மா வீட்டுக்குப் போய் மண்வெட்டியோடு வந்தார். "எங்க வெட்டணும்?"

குழி வெட்டிச் சாயத்தைக் கரைத்து ஊற்றினோம். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தினமும் ஊற்றிலும் சுற்றியுள்ள ஓடைகளிலும் பாட்டிலில் சாம்பிள் பிடிப்பது என் வேலை. ஊற்று பாட்டிலை மட்டும் இரண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஆய்வுக்கு வந்தவன் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் இல்லை. பச்சை வரக்கூடாது என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

ஒருநாள் காலையில் பொன்னம்மா ஓடி வந்தார். "சார்! பச்சையா வருது! வந்து பாருங்க!"

போச்சு, இந்த அம்மாவின் சோற்றில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று ஊற்றுப் பக்கம் திரும்பினேன்.

"அங்க எங்க போறீங்க? இந்தாண்ட, ஓடைக்கு வாங்க!"

ஊற்றுக்கு நேர் எதிர்ப் பக்கம், நிலத்துக்குக் கீழே இருந்த ஓடையில் பாறை இடுக்கிலிருந்து பச்சை வழிந்துகொண்டிருந்தது. பொன்னம்மா சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கேயே பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

சீனிவாசன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "இங்க வந்ததால அங்க வராதுன்னு ஆயிடுமாய்யா? மழை நிக்கிற வரைக்கும் ரெண்டு பக்கமும் சாம்பிள் எடு."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. மழை முடியும் வரை பிடித்தேன். லேபிலும் கொடுத்துப் பார்த்தோம். ஊற்றில் சாயம் துளியும் இல்லை.

3. ஊர் பார்த்த பச்சை

"அப்போ ஊத்துக்குத் தண்ணி எங்கேருந்துதான் வருது?" என்றார் பி.டி.ஓ.

வட்டத்துக்கு வெளியே, மேட்டில் ஒரு சேற்றுப் பள்ளம் உண்டு. ஊர் மாடெல்லாம் படுத்துப் புரளும் இடம். சாருக்கு அதன்மேல் சந்தேகம். எல்லோரையும் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அங்கே சாயம் கரைத்தோம். இந்தத் தடவை ஊரே ஊற்றங்கரையில் காவல் இருந்தது. ஊற்று இளம்பச்சையாகத் திரும்பியபோது கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. பயம் தெளிய சார் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார், எனக்கும் கொடுத்தார். பிள்ளைகள் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள்.

பி.டி.ஓ. விதியைத் திருத்தி எழுதினார். வட்டம் போனது. சேற்றுப் பள்ளத்திலும் அதன் கீழ்ச் சரிவிலும் மாடு விடக்கூடாது என்றானது. பொன்னம்மா நிலத்துக்குத் தடை நீங்கியது.

ஊர்க்கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "காலங்காலமா மேயுற எடம். மாட்ட இன்னா ஆகாசத்துலயா மேய்க்கிறது?"

பொன்னம்மாவின் மாடுகளும் அங்கேதான் மேய்ந்தன. அவர் எழுந்தார்.

"என் நெலத்துல சாயம் ஊத்தறப்ப நீங்கள்லாம் வேடிக்க பாத்தீங்க. ஊத்துல வந்திருந்தா நான் நெலத்த வுட்டுட்டுதான் போயிருக்கணும். இப்ப மாடு மெதிக்கிற சேறு நம்ம கொடத்துக்கு வர்றத எல்லாரும் கண்ணால பாத்துட்டோம். இன்னிலேர்ந்து என் மாட்ட நான் அங்க வுடல."

மறுநாளிலிருந்து மற்றவர்களும் ஒவ்வொருவராக மாட்டை வேறு பக்கம் ஓட்டினார்கள்.

பிறகு எத்தனையோ ஊர்களில் எல்லை குறித்திருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முடிவு யாருக்குப் பாதகமாகப் போகலாமோ, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சோதனையைச் செய்யுங்கள். அடுத்த ஆடியில் பொன்னம்மா தன் நிலத்தை உழுதார். அந்த வருஷ மழைக்கு ஊற்றும் கலங்கவில்லை.