டாக்டருக்காக ஒரு கல்யாணம்

கென்டக்கி மலைப்பக்கத்தில் அந்த ஊரில் வெர்லீனிடம் தலையைக் கொடுக்காத ஆள் கிடையாது. வீட்டு முன்னறையிலேயே முடிவெட்டும் கடை. கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. அப்படிப்பட்டவள் அந்த வசந்தத்தில் ஹோபர்ட்டின் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி, மறுபக்கம் இறக்கி வெட்டி அனுப்பிவிட்டாள். மனுஷன் வாயே திறக்காமல் அதோடு சர்ச்சுக்கும் போய்வந்தான். பதினோரு வருஷமாக அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டு, கேட்டபோதெல்லாம் விரட்டப்பட்டவன், இதையா சொல்லப்போகிறான்?

கோளாறு அவள் கண்ணில். விழித்திரை சுருங்கிக்கொண்டு வருகிறது, இந்தக் கோடைக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கத்தரிக்கோலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவள் நம்புகிற ஒரே டாக்டர். அவரோ வருஷ நடுவில் அவளுடைய இன்சூரன்ஸ் திட்டத்திலிருந்து விலகிவிட்டார்; இனி அவரிடம் போனால் இன்சூரன்ஸ் காசு தராது.

நூலகத்தில் இன்சூரன்ஸ் உதவிக்கு உட்காரும் டெலோரா உதட்டைப் பிதுக்கினாள்.

“திட்டம் மாத்துறதெல்லாம் நவம்பர்லதான்க்கா. டாக்டர் விலகினது கணக்குல வராது. நடுவுல மாத்தணும்னா உங்க வாழ்க்கையில ஏதாவது நடக்கணும். குழந்தை பிறக்கணும், கல்யாணம் ஆகணும், இல்ல வேற மாவட்டத்துக்குக் குடிபோகணும்.”

“அம்பத்தெட்டு வயசுல பெத்தா இன்சூரன்ஸ் வராதுடி, டிவிக்காரன்தான் வருவான்!”

கடையை விட்டுக் குடிபோகவும் மனம் வரவில்லை. இருப்பதில் கல்யாணம்தான் சல்லிசு என்று முடிவு செய்து, நேரே ஹோபர்ட் வீட்டுக்குப் போனாள்.

“ஏய்யா, என்னைக் கட்டிக்கிறியா? கையெழுத்துப் போட்டுட்டு அவங்கவங்க வீட்டுல இருந்துக்கலாம்.”

அவன் முகம் மலர்ந்தது. “திடீர்னு எப்படி?”

அவளுக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் சொன்னாள். மலர்ந்த முகம் தொங்கிப்போயிற்று.

“மாட்டேன்.”

“என்னது? பதினோரு வருஷமா பின்னாலயே சுத்தினியே!”

“உன் பின்னாலதானே சுத்தினேன்? நீ உன் டாக்டரைத் தேடிப் போறதுக்கு நான் எதுக்கு மாப்பிள்ளை வேஷம் போடணும்?”

வெர்லீன் வாசல் பக்கம் திரும்பினாள். பாவம், அவனுக்குக் கோபத்தைப் பிடித்துவைக்கத் தெரியாது.

“நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற ஓடைக்கு இந்தப் பக்கம் வேற மாவட்டம்தானே? இங்க வந்துரு. பேருக்கு இல்ல, உன் நாற்காலி கண்ணாடியெல்லாம் தூக்கிட்டு நிஜமாவே வா. படுக்கையறை உனக்கு. நான் சோபாவுல கிடக்கிறேன்.”

கண்ணை நினைத்துச் சரியென்றாள். சர்ச்சுப் பெண்களுக்கு வேறு பேச்சே தேவைப்படவில்லை. புது மாவட்டம், புதுத் திட்டம், அதே டாக்டர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்ததும் வெர்லீன் தெளிவாகப் பார்த்தது, குட்டை சோபாவில் காலை மடக்கிப் படுத்து, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவளுக்குக் காப்பி போடும் ஹோபர்ட்டைத்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

“என்னைக் கட்டிக்கிறியா?”

“இப்ப என்ன, பல்லா?”

“பல்லுமில்ல, ஒண்ணுமில்ல. டெலோராகிட்ட விசாரிச்சேன். கல்யாணமாகி உன் வருமானமும் சேந்தா, இன்சூரன்ஸுக்கு அரசாங்கம் தர்ற சலுகை குறையுமாம், மாசாமாசம் கட்டுறது ஏறுமாம். அப்படியும்தான் கேக்குறேன்.”

ஹோபர்ட் ரொட்டியைக் கீழே வைத்தான். இத்தனை வருஷமும் கேட்டே பழகியவனுக்கு, பதில் சொல்லத் தெரியவில்லை.