சட்டையோடு வீட்டுக்கு வந்த தூசி

எங்கள் திசையன்விளைச் சந்தையில் முருங்கைக்காய் விற்கும் இசக்கிச்செல்வி அக்காவிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. காயின் நீளம், சதைப்பற்று, அதைத் தின்று வளர்ந்த பிள்ளைகளின் பெருமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். அதற்குள் எதிரில் நிற்பவர் பையை நீட்டியிருப்பார். ஐம்பத்தெட்டாவது வயதில், போன ஆனி மாதம், முதல்முறையாக அக்கா பாதிப் பேச்சில் நின்றார். மூச்சு இரைத்தது. அந்த இடைவெளியில் வாங்க வந்தவர் தான் சொன்ன விலைக்கே காயை அள்ளிக்கொண்டு போய்விட்டார். மூச்சு இரைத்ததைப் பற்றி அக்காவுக்குக் கவலையில்லை, தோற்றதுதான் ஆறவில்லை.

அடுத்த மாதம் வலது விலாவில் வலி வந்தது. எக்ஸ்ரே படம் எடுத்தபோது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. காசநோயோ என்று சோதித்தார்கள், இல்லை. நீரை எடுத்தார்கள், மறுபடி ஊறியது. கடைசியில் பாளையங்கோட்டையில் நுரையீரல் மருத்துவர் ஹம்னாவிடம் போனார்கள். அவர் விலாவில் சின்னத் துளை போட்டு, துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று அக்காவையும் அவர் கணவர் சுடலைராஜையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார் மருத்துவர். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வருகிற புற்றுநோய் இது, பெயர் மீசோதீலியோமா என்றார். அக்கா அந்தப் பெயரை மூன்று தரம் சொல்லிப் பார்த்து, மூன்று தரமும் தடுக்கி விழுந்தார். நோய்க்கே இவ்வளவு நீளப் பெயர் என்றால் மருந்துக்கு எவ்வளவு இருக்குமோ என்று கேட்டார். மருத்துவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஹம்னா ஒரு கேள்வி கேட்டார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் புழங்கும் இடத்தில் எப்போதாவது வேலை பார்த்தீர்களா? முருங்கைக்காயைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றார் அக்கா. மருத்துவர் சுடலைராஜ் பக்கம் திரும்பினார்.

கலியாணமான புதிதிலிருந்து இருபது வருஷம் அவருக்குக் கூரை ஷீட் அறுத்து மாட்டும் வேலை. ரம்பம் போட்டால் வெள்ளைத் தூசி பறக்கும். சாயங்காலம் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக, மாவு மில்லில் இருந்து வருகிறவர் மாதிரி வருவார். அந்தச் சட்டையைப் புறவாசலில் சுவரில் அடித்து உதறி, பிறகு துவைத்துப் போட்டது அக்கா. வாரத்துக்கு ஆறு நாள், இருபது வருஷம்.

இதைக் கேட்டதும் ஹம்னா எழுதுவதை நிறுத்தினார். அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது, மூச்சோடு உள்ளே போய் அந்த உறையில் தங்கிவிடும், உடம்பால் அதைக் கரைக்க முடியாது, முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூட நோயாக வெளிவரும் என்று விளக்கினார். சுவாசித்த எல்லாருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அன்றே சுடலைராஜுக்கும் படம் எடுத்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை.

“இது சொகமாயிருமா டாக்டரம்மா?” என்று அக்கா நேராகவே கேட்டார்.

“முழுசாச் சொகமாகும்னு சொல்ல மாட்டேங்க்கா. மருந்து கொடுத்து இருக்கிற நாளைக் கூட்டலாம்.”

“அது போதும். மிச்சத்த நான் பேரம் பேசிக்கிடுதேன்.”

சுடலைராஜால்தான் தாங்க முடியவில்லை. ஊர் திரும்பும் பேருந்தில் நாங்குநேரி தாண்டியதும், “நான்தாம்ளா உனக்கு இதக் கொண்டாந்து கொடுத்தேன்” என்றார்.

“நீங்க சம்பாத்தியத்தக் கொண்டாந்தீங்க. கூட வந்தது ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனும அழுதா, நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிருவேன்” என்றார் அக்கா. அது ஆளில்லாத பொட்டல் நிறுத்தம். சுடலைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். ஏற்றிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் அக்கா சுருண்டு கிடப்பார். நான்காம் நாள் சந்தைக்கு வந்துவிடுவார்.

அப்படி ஒரு நாளில்தான் சந்தையின் பழைய கொட்டகையைப் பிரிக்க ஆள் வந்தது. ஒப்பந்தக்காரர் பெருமாள்ராஜின் ஆட்கள் கூரை ஷீட்டைச் சம்மட்டியால் உடைத்துக் கீழே தள்ளினார்கள். வெள்ளைப் புழுதி கிளம்பியது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போனார். அங்கிருந்தே பெருமாள்ராஜைக் கூப்பிட்டு வேலையை நிறுத்தச் சொன்னார்.

“ஊரு பூரா இந்தக் கூரைதான் கெடக்கு. எல்லாரும் செத்தா போனோம்?” என்றார் பெருமாள்ராஜ்.

“எல்லாரும் சாவல அண்ணாச்சி. நான் ஒருத்தி மாட்டிக்கிட்டேன். மேல நிக்க நாலு பேருல அடுத்தது யாருன்னு குலுக்கிப் போட்டுப் பாப்பமா?”

மேலே இருந்தவர்களில் இரண்டு பேர் சம்மட்டியை வைத்துவிட்டு இறங்கினார்கள். பெருமாள்ராஜுக்கு வேறு வழியில்லை. எப்படித்தான் இறக்குவது என்று கேட்டார். அதற்கு ஊரில் சுடலைராஜைவிடத் தெரிந்த ஆள் யார்? அக்கா ஹம்னாவிடம் போனில் கேட்டு, எந்த முகக்கவசம் வேண்டும் என்று எழுதிக்கொண்டார்; சாதாரணத் துணி போதாதாம். மறுநாள் சுடலைராஜ் ஷீட்டையெல்லாம் தண்ணீர் விட்டு நனைக்கச் செய்தார். அறுக்காமல், உடைக்காமல், போல்ட்டைக் கழற்றிப் பைய இறக்கி, தடித்த பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிக் கட்ட வைத்தார். அக்கா காற்றுக்கு எதிர்த்திசையில், தூரத்து டீக்கடையில் உட்கார்ந்து அலைபேசியில் அதட்டிக்கொண்டிருந்தார். “அங்கன ஒருத்தன் கவசத்தத் தாடைக்கு மாட்டியிருக்கான், பாருங்க.” ஒரு நாள் வேலை இரண்டு நாளானது. ஒரு ஷீட்டும் உடையவில்லை. அக்காவின் நோய் தெரிந்த நாளிலிருந்து தலைகுனிந்தே நடந்த சுடலைராஜ், அன்று கொட்டகை நடுவில் நிமிர்ந்து நின்றதை, டீக்கடையில் அக்கா பக்கத்தில் இருந்த நானும் பார்த்தேன்.

இந்தத் தை மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி குறையவில்லை, ஆனால் வளரவுமில்லை என்றார் ஹம்னா. உடன்குடியில் அண்ணன் மகள் எபியின் கலியாணத்துக்குப் போகலாமா என்று அக்கா கேட்டார். தாராளமாகப் போகலாம், கூட்டத்தில் ரொம்ப அலைய வேண்டாம் என்று அனுமதி கிடைத்தது. அக்கா அலையவில்லை. பந்தலுக்குள் நுழைந்ததும் விசிறிக்கு நேரே ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை வீட்டார்தான் அலைந்தார்கள்; ஒவ்வொருவராக வந்து அவரிடம் பேசிவிட்டுப் போனார்கள்.