முதல் மாடி அம்பயர்

மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே இருந்த பூங்காவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய கதையை யாராவது எழுதினால், அதில் நான் வரமாட்டேன். வரவும் வேண்டாம். ஆனால் அறுபதுகளில் சில வருஷம் அங்கே யார் அவுட், யார் அவுட் இல்லை என்று தீர்ப்பு சொன்னது நான்தான். ஆசைப்பட்டுச் செய்யவில்லை, தூக்கம் கெட்டுப்போனதால் செய்தேன்.

அப்போது நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வாரத்தில் ஆறு நாள் ரயிலில் நசுங்கிப் போய், நசுங்கியே திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் என்னுடையது. அன்றைக்குப் பார்த்து விடிந்ததும் விடியாததுமாக ஜன்னலுக்குக் கீழே கூச்சல் தொடங்கிவிடும்.

ஆரம்பத்தில் ரப்பர் பந்து, ஸ்டம்புக்குப் பதிலாக எண்ணெய் டின். தோட்டக்கார மாலி ரப்பர் குழாயைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டுவார். பிறகு அவரே ஓரமாகக் குந்தி பீடி பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கத் தொடங்கினார். எங்கள் கட்டடத்துப் பையன்கள் ஒரு கட்சி. தாராவியிலிருந்து நடந்து வரும் திருநெல்வேலிப் பையன்கள் எதிர்க்கட்சி. ரப்பர் பந்து போய்க் கார்க் பந்து வந்ததும் ஆட்டம் கொஞ்சம், சண்டை அதிகம் என்றாயிற்று. பெரியவர் யாராவது அம்பயராக நின்றால், அவர் ஆடுகிறவர்களில் ஒருவனுக்கு அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். அவர் பேச்சை எவன் கேட்பான்?

ஒரு ஞாயிறு, இனித் தூக்கம் வராது என்று எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு, முதல் மாடிப் பால்கனியில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரே ஒரு ரன் அவுட். எங்கள் கட்டடத்துப் பையன் கோட்டைத் தொட்டுவிட்டதாகச் சாதித்தான். பேச்சு முற்றிக் கைகலப்பு வரைக்கும் போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

“டேய், நீதான் அவுட்! கோட்டுக்கு ஒரு முழம் வெளியில இருந்தே. வாயை மூடிண்டு ஆடுங்கோடா!” என்று கத்தினேன்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சொந்தக் கட்டடத்துப் பையனையே அவுட் என்கிறாளே என்று தாராவிப் பையன்களுக்கு ஆச்சரியம். அவர்களுடைய கேப்டன், ஒல்லிப் பையன், “எக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்ல” என்றான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

அதற்குப் பிறகு எந்தத் தகராறும் மேலே வந்துவிடும். எங்கள் பையன்கள், “அக்கா, அவுட்டா இல்லையா சொல்லுங்கோ!” என்பார்கள். தாராவிப் பையன்கள், “எக்கா, இவன் பொய் சொல்லுதான், நீங்க சொல்லுங்க!” என்பார்கள். பால்கனி கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் இருந்ததால் ரன் அவுட் நன்றாகத் தெரியும். நாற்காலியைப் போட்டு, கிழிந்த ரவிக்கையைத் தைத்தபடி உட்கார்ந்திருப்பேன். எல்.பி.டபிள்யூ கேட்டால், “அதெல்லாம் எனக்குத் தெரியாது, போங்கடா” என்று விரட்டுவேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன். சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆபீஸிலும் சரி, வீட்டிலும் சரி, எனக்கு அப்படி ஒரு மரியாதை வாய்த்ததில்லை. அலுத்துக்கொண்டேதான் செய்தேன், ஆனாலும் அது எனக்குப் பிடித்திருந்தது.

என்னைப் பெண் பார்க்க வருவதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வருவார்கள், சாப்பிடுவார்கள், ஊருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று போவார்கள். பதில் வராது. புடவை மாற்றி மாற்றி எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் செம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் மேல் அப்பாவுக்கு ரொம்ப நம்பிக்கை. ரிடையர் ஆவதற்குள் என் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. அவர்கள் வந்து உட்கார்ந்ததும் பால்கனிக் கதவைத் தானே போய்ச் சாத்தினார்.

மாப்பிள்ளைப் பையனின் அம்மா கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு அப்பாவிடம், “கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கு அனுப்பறது எங்காத்துல வழக்கமில்லை. விட்டுடுவாளோன்னோ?” என்றாள்.

“பேஷா விட்டுடுவா” என்றார் அப்பா.

காபித் தட்டோடு நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். என்னைப் பார்க்க வந்தவர்கள் என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்டார்கள்.

அப்போது கீழே, “அக்கா! எக்கா!” என்று குரல்கள் கிளம்பின. அப்பா என்னை நகராதே என்று பார்த்தார். பலமுறை கூப்பிட்டார்கள். பிறகு சத்தம் நின்றது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நான் வருவேன் என்று காத்திருக்கிறார்கள். தட்டைக் கீழே வைத்தேன். கதவைத் திறந்துகொண்டு போனேன்.

“நான் பாக்கலைடா. பாக்காம சொல்ல முடியாது. அந்தப் பந்தை மறுபடியும் போடுங்கோ” என்றேன். ஒருவனும் முணுமுணுக்கவில்லை. பந்து போடுகிறவன் திரும்பி நடந்தான்.

உள்ளே வந்தபோது பையனின் அம்மா டம்ளரை வைத்துவிட்டாள். “பொண்ணுக்கு வெளி சகவாசம் ஜாஸ்தி போலிருக்கு” என்றாள், அதையும் அப்பாவிடம்தான். ஊருக்கு எழுதிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். வந்ததிலிருந்து வாய் திறக்காத மாப்பிள்ளையும் பின்னால் போனார்.

சாயங்காலம் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பால்கனியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

“அந்தப் பையன் அவுட்டா?” என்று கேட்டார்.

“தெரியாதுப்பா. நான் பாக்கலை.”

“ஏதாவது ஒண்ணைச் சொல்லிட்டு உள்ள வந்திருக்கலாமே.”

“பாக்காம எப்படிப்பா சொல்றது?”

அவர் காலியான பூங்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் சொல்லிட்டேனே, உன்னைக் கேக்காம” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “வேலையை விட்டுடுவியா நீ?”

அதுவரை யாரும் என்னை எதுவும் அப்படிக் கேட்டதில்லை. அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை. மறுநாள் திங்கட்கிழமை.

“தெரியலைப்பா” என்றேன். “தூங்கணும் போல இருக்கு.”

“தூங்கு” என்றார் அப்பா. “எழுந்ததும் சொல்லு.”