முதலாளி ஒரு தடவைதான் கேட்டார்

எண்பதுகளின் கடைசியில், கோலா சிலாங்கூரிலிருந்து ரவாங் வரை விடியோ கேம் என்றால் எங்கள் கம்பெனிதான். ஏழு கடைகள், ஒரு வேன். டிவியில் செருகி விளையாடும் பெட்டிகளையும் கேம் கேசட்டுகளையும் வாடகைக்குக் கொடுப்போம். சிரிக்காதீர்கள், எங்கள் பக்கத்துக்கு அது பெரிய கம்பெனி. சனிக்கிழமை காலையில் சுங்கை புரோங் வயல் வீடுகளுக்கும் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கும் எங்கள் வேன் போகாவிட்டால், பெற்றவர்களே கடைக்கு வந்து ஏசுவார்கள்.

நான் லயத்தில் பிறந்தவள். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான்கு வருடம் சோல்டரிங் செய்துவிட்டு, இங்கே ரிப்பேர் வேலைக்கு வந்தேன். எறும்பு புகுந்த பெட்டி, பிள்ளைகள் கோப்பி ஊற்றிய பெட்டி எல்லாம் என் கைக்குத்தான் வரும். எந்தத் தோட்டத்தில் எத்தனை மணிக்குக் கரண்டு வரும், எந்தக் கடைக்காரர் எந்தக் கேசட்டை ஒளித்து வைப்பார் என்பது வரை எனக்கு அத்துப்படி. தலைக்கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கம்பெனியை என்னைவிட நன்றாக யாராலும் நடத்த முடியாது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலாளி தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்த முஸ்லிம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையும் அவருடையதுதான். 'போதும்' என்ற சொல் அவர் காதில் ஏறவே ஏறாது. மூன்று தடவை மறுத்தாலும் நான்காவது கரண்டி சோறு விழும். சர்க்கரை வியாதி காலைத் தின்ன ஆரம்பித்ததும், ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார். கம்பெனியை யார் கையில் விடுவது என்பதுதான் அவர் கவலை.

ஒருநாள் காலை, நான் ஒரு பெட்டியைக் கழற்றி வைத்திருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நான் போனப்புறம் கம்பெனிய நீ பாத்துக்கிறியா?"

உள்ளுக்குள் ஆசைதான். ஆனால் எங்கள் வளர்ப்பு அப்படி. பலகாரத் தட்டை நீட்டினாலே முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். கேட்டவுடன் கை நீட்டினால் பறக்காவெட்டி என்பார்கள்.

"ஐயோ, எனக்கெதுக்கு முதலாளி? பெரிய ஆளா யாராச்சும் பாருங்க லா" என்றேன்.

"சரிம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

அவ்வளவுதான்! சோற்றுக்கு நாலு தடவை கேட்கிற மனுஷன், கம்பெனிக்கு ஒரு தடவையோடு நிறுத்திவிட்டார். திரும்பி வருவார், வருவார் என்று மத்தியானம் வரை ஸ்குரூ டிரைவரும் கையுமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், கிள்ளானில் பேங்கில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன் பொறுப்பேற்கப் போவதாக வேன் டிரைவர் சொன்னார். மருமகன் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு பெட்டியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி முதலாளி மேல், பாதி என் வாய் மேல்.

மறுநாள் காலை நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ரொட்டி போடுகிறவர், நாலைந்து லோரி டிரைவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

"முதலாளி, எனக்கு அந்த வேலை வேணும். மரியாதைக்குத்தான் வேணாம்னேன். நீங்க இன்னொரு தடவ கேப்பீங்கன்னு நெனச்சேன்."

சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

"நெசமாவே உனக்கு இஷ்டமில்லன்னுல்ல நெனச்சேன்? சோறுன்னா அள்ளிப் போட்டுருவேன், இத எப்படிம்மா வற்புறுத்துறது? இப்ப மாப்பிள்ளைகிட்ட வாக்குக் குடுத்துட்டேனே" என்றார்.

தாடியைத் தடவினார். பிறகு கல்லாவிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்தார். மருமகனுக்குக் கொடுத்த வாக்கை தன்னிடம் வேலை பார்க்கும் பெண்ணுக்காகத் திரும்ப வாங்குவது அவருக்கு எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் எண்ணைச் சுழற்றினார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்கக் கூடாது. கம்பெனிய நம்ம ரிப்பேர்காரப் புள்ளையே பாத்துக்கிறேங்குது..."

மறுமுனையில் பெரிய சத்தம். போச்சு, குடும்பத்தில் சண்டையை மூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். முதலாளி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். மருமகன் சிரிப்பது எனக்கே கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ், மாமா! பேங்க் வேலய விட எனக்கு மனசே இல்ல. நீங்க கேட்டு எப்படி மாட்டேங்கறதுன்னுதான் சரின்னேன்."

போனை வைத்துவிட்டு முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு மரியாதைக்குச் சரிங்கறாரு, நீ மரியாதைக்கு வேணாங்கற. உங்க மரியாதையில என் கம்பெனிய இழுத்து மூடியிருப்பீங்க!"